ஒருவர் மூடியதை இன்னொருவர் திறப்பது

வாரண்டி முடிந்த பிறகுதான் வண்டிகள் நம்மிடம் வரும். அதுவரை கம்பெனி சர்வீஸ். வண்டிக்குள் சர்வீஸ் புத்தகம் ஒன்று இருக்கும். முதல் மூன்று நான்கு பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்கும். அப்புறம் வெள்ளைப் பக்கம். வண்டி நம் ஷெட்டுக்குள் வந்த நாளிலிருந்து வெள்ளைப் பக்கம்.

அந்த வெள்ளைப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஷெட்டை இனி நீங்கள் நடத்தப் போகிறீர்கள். வேலை உங்களுக்குத் தெரியும். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. நான் ஆறாவதோடு நின்றவன். நீட்டி எழுத வராது.

ஷெட்டை நானும் பாயும் சேர்ந்து போட்டோம். பாய் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆரணியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடைக்காரர், டிரைவர், போலீஸ்காரர் எல்லோருக்கும் பாய்தான். எனக்கும் பாய்தான்.

வண்டிகள் எல்லாம் பாயின் மனசில் இருந்தன. எந்த வண்டிக்கு எப்போது என்ன போட்டோம் என்று நாங்கள் எழுதி வைத்ததில்லை. பில் மட்டும் போடுவோம். அதுவும் கேட்டால்தான். மீதியைப் பாயிடம் கேட்டால் போதும். ஒரு பட்டுக்கடை முதலாளி இருந்தார். வெள்ளை டீசல் வண்டி வைத்திருந்தார். ஒரு நாள் வந்து, "பாய், கிளட்ச் எப்ப போட்டோம்?" என்று கேட்டார். பாய் வேறு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வரவில்லை.

"உன் ரெண்டாவது பொண்ணு சடங்குக்கு மொத நாளு."

"எனக்கே மறந்துபோச்சு பாய்."

"பொண்ணு பொறந்தது ஞாபகம் கீதா? இல்ல, அதையும் நான்தான் சொல்லணுமா?"

ஷெட்டே சிரித்தது. முதலாளிதான் அதிகம் சிரித்தார்.

போளூர் பக்கத்திலிருந்து ஒரு வண்டி புரோக்கர் வந்தார். கையில் காலி சர்வீஸ் புத்தகம். "பாய், இந்தப் பக்கமெல்லாம் ரொப்பிக் குடு. சீல் நான் பாத்துக்கறேன். மூணு கலர் பேனா கொண்டாந்துகீறேன்" என்றார்.

"பேனா கொண்டாந்துகீற. வண்டிய எப்பனா கொண்டாந்தியா?"

"ஒரு கையெழுத்துதானே பாய்."

"எழுதினா எவனாவது நம்பிடுவான்யா. பொண்டாட்டி புள்ளைய ஏத்திகினு போவான். போ, ஜல்தி போ."

எழுத்து என்றால் பாய்க்கு அவ்வளவு மரியாதை. பொய்யாக எழுத மாட்டார். ஆனால் நிஜத்தையும் எழுத மாட்டார். "நான் கீறப்ப எதுக்கு?" என்பார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. என் கையெழுத்து அப்படி.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் மூடியதை இன்னொருவர் திறக்கக் கூடாது. அவர் முறுக்கிய போல்ட்டில் நான் ஸ்பேனர் வைக்க மாட்டேன். நான் முறுக்கியதில் அவர் வைக்க மாட்டார். வைத்தால் உன் வேலை மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். ஷெட் போட்ட புதிதில் இதற்காக ஒரு தடவை பெரிய சண்டை வந்தது. இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அதற்கப்புறம் வந்த சட்டம் அது. அது இருந்ததால்தான் இத்தனை வருஷம் சேர்ந்து இருந்தோம்.

பாயின் மறதி எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. ஒரு கஸ்டமரை அவர் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சிரித்தோம். அவரும் சிரித்தார். ஒரு நாள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "டீ சொல்லலையா?" என்றார். வயசு என்று நினைத்தேன். வேலையில் ஒரு குறையும் இல்லை. அவர் கழற்றி மாட்டினால் மாட்டியதுதான். கைக்கு மறதி வரவில்லை. அதனால் ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு ஆடி வெள்ளி. உங்களுக்கே தெரியும், ஆடியில் கல்யாணம் கிடையாது. பட்டு வியாபாரம் மந்தம். பட்டுக்கடைக்காரர்கள் எல்லோரும் வண்டியை ஆடியில்தான் சர்வீஸுக்கு விடுவார்கள். ஷெட் நிறைந்து ரோடு வரைக்கும் வண்டி நிற்கும். அந்த முதலாளியின் வெள்ளை வண்டியும் வேலை முடிந்து ஓரமாக நின்றது.

அதே கம்பெனி, அதே வெள்ளை நிறத்தில் இன்னொரு வண்டியும் நின்றது. அது ஒரு டீச்சருடையது. முந்தின நாள் ஆயில் மாற்ற விட்டிருந்தார். காலையில் எடுக்க வந்தார். அவர் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வேலூருக்குக் கூட்டிப் போய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். டீச்சரே ஓட்டிக்கொண்டு போவார். முந்தின வாரம் ஒரு தடவை தவறிப்போனதில் மனுஷனுக்கு மூச்சு முட்டிவிட்டது. அன்றைக்கும் தவறக் கூடாது. வீட்டில் அவர் தயாராக உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டு கேட்டார். "பாய், டைமிங் பெல்ட் மாத்தணும்னு ஒரு தடவை சொன்னீங்களே?"

"மாத்தியாச்சே டீச்சரம்மா! நானேதான் மாத்தினேன். போன ஆடில. மழை தூறிகினே இருந்துது. டென்ஷனரும் புதுசு போட்டேன். கவலப்படாம போங்க."

"அப்போ சரி பாய்" என்று டீச்சர் கதவைத் திறந்தார்.

டைமிங் பெல்ட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை வீட்டில் வேறு யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினுக்குள் எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் ஓட்டுகிற ரப்பர் பெல்ட் அது. அதை இறுக்கிப் பிடிக்கிற உருளைதான் டென்ஷனர். மூடிக்குள் இருக்கும். வெளியே தெரியாது. அது சொல்லிவிட்டு அறாது. அறுந்தால் ஓடுகிற வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

போன ஆடியில் டீச்சர் வண்டி ஷெட்டுக்கு வரவில்லை. அது எனக்குத் தெரியும். அந்த ஆடி முழுக்க அவர் வீட்டுக்காரர் வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. நான் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வண்டி மேல் தூசி படிந்து கிடந்ததைப் பார்த்தேன். அப்படி என்றால் பாய் மாற்றியது எந்த வண்டிக்கு? மாற்றவே இல்லையா? இல்லை, வேறு மாதத்தில் மாற்றி மாதத்தை மட்டும் தப்பாகச் சொல்கிறாரா? அவர் சொன்ன மழை, டென்ஷனர் எல்லாம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

முதலில் பாய் மனம் நோகாமல் ஒரு வழி பார்த்தேன். "டீச்சர், இன்னிக்கு ஒரு நாள் வாடகை வண்டில போய்ட்டு வாங்களேன். ஒரு சத்தம் கேக்குது, பாத்து வெக்கறேன்" என்றேன்.

"எங்க அண்ணே கிடைக்கும்? ஆடி வெள்ளி. ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் படவேடு கோயிலுக்குப் போயிருக்கு. பஸ்ல அவரால நிக்க முடியாது."

"இன்னா சத்தம்?" என்றார் பாய். "நான் ஓட்டிப் பாத்தேன். ஒரு சத்தமும் இல்ல. இன்னாத்துக்கு அவங்கள பேஜார் பண்ற?"

டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டியில் ஏறாமல் நின்றார். சொல்லியே ஆக வேண்டும்.

"பாய், மூடியக் கழட்டி ஒரு தடவ பாத்துடலாம்."

"எந்த மூடி?"

"பெல்ட் மூடி."

"அது நான் மூடினது."

"தெரியும் பாய்."

"தெரிஞ்சும் கேக்கற."

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். பாய் துணியில் கையைத் துடைத்தார். ஸ்பேனரை எடுத்து என் கையில் வைத்தார்.

"தொற. புதுசா இருந்தா இன்னா பண்ணுவ?"

"உங்க கால்ல விழறேன்."

"பழசா இருந்தா?"

மூடியின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். திறந்தேன்.

மூடி வந்துவிட்டது. சின்ன வேலைதான். பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து நின்றது. முதுகில் குறுக்கே வெடிப்பு. ஒரு இடத்தில் பல் ஒன்று பாதி போயிருந்தது. பாய் குனிந்து பார்த்தார். எனக்கு முன்னால் அவர்தான் கண்டுபிடித்தார். டென்ஷனர் போல்ட்டின் மேல் விரலை வைத்தார்.

"கம்பெனி பெயிண்ட் மார்க் அப்படியே கீது" என்றார். "இதுல ஸ்பேனரே படல. எந்தக் கையும் படல."

வேறு யாரோ செய்த வேலையைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு ஓரத்தில் நின்ற முதலாளி வண்டியிடம் போனார். பானட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். அந்த மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டேய். என் பெல்ட்டு இதுல கீதுடா."

அந்த மூடியின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தது. போன ஆடி, மழை, புது டென்ஷனர் எல்லாம் நிஜம். வண்டிதான் வேறு.

டீச்சர் மெதுவாக, "பரவால்ல பாய், பாத்துட்டீங்க இல்ல" என்றார்.

பாய் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னார். "முதலாளிக்குப் போன் போடு. இந்த வண்டில அவங்களக் கூட்டிகினு போ. நீ ஓட்டு. இது அறாது. இது நான் போட்டது."

முதலாளிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கக்கூட அவர் விடவில்லை. "எடுத்துகினு போய்யா. இதுக்கெல்லாம் ஒரு போனா?" என்றார்.

டீச்சர் வீட்டுக்குப் போய் அவர் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு வேலூருக்கு ஓட்டினேன். அவர் பின்சீட்டில் சாய்ந்து படுத்திருந்தார். மடியில் தடிமனான ஆஸ்பத்திரி ஃபைல். கண்ணமங்கலம் தாண்டினோம். பிறகு டீச்சர் சொன்னார்.

"நான் கேட்டிருக்கவே கூடாது அண்ணே. பாய் முகத்தைப் பாக்க முடியல."

"நீங்க கேட்டது சரிதான் டீச்சர்."

பின்னால் இருந்து அவர் வீட்டுக்காரர் பேசினார். குரல் தேய்ந்து வந்தது. "இந்த ஃபைலை எத்தினி டாக்டர் பாத்துகீறாங்க தெரியுமா? ஒருத்தர் பண்ணத இன்னொருத்தர் பாக்கறாரு, திருத்தறாரு. யாருக்கும் கோவம் வரல. ஏன்னா ஃபைலைத்தானே கேக்கறாங்க. ஆளக் கேக்கலியே."

அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சு இல்லை. எனக்கு அது போதும். திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எழுதியிருந்தால் அன்றைக்கு நான் தாளைத் திறந்து பார்த்திருப்பேன். பாயைத் திறந்து பார்த்திருக்க வேண்டாம்.

சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தேன். நான் இல்லாதபோது பாய் புது பெல்ட் வரவழைத்து டீச்சர் வண்டியில் தனியாகப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குக்கூட அவர் போகவில்லை என்று பையன்கள் சொன்னார்கள். அவர் போகாமல் நான் பார்த்ததில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெல்ட் மூடியை மாட்டாமல் தரையில் வைத்திருந்தார். போல்ட்டுகள் ஒரு தட்டில் இருந்தன.

"மூடல" என்றார். "நீ பாத்துட்டு மூடு."

"வேணாம் பாய். நீங்க போட்டா போட்டதுதான்."

"பாருடா."

பார்த்தேன். அப்படி ஒரு வேலை. மார்க்குக்கு மார்க் மயிரிழை பிசகவில்லை. நான் இருபது தடவை போட்டாலும் அப்படி வராது. சொன்னேன். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை.

"வேலை சரியா கீதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "நாளைக்கு இத எந்த வண்டிக்குப் போட்டேன்னு கேட்டா இன்னா சொல்லுவேன்னு தெரியாது. அதான் விஷயம்."

நான் மூடியை மாட்டினேன். முறுக்கி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுது" என்றார். "இனிமே எதையும் என்கிட்ட கேக்காத. கேட்டா நான் பதில் சொல்லிடுவேன். தெரியாதுன்னு எனக்கு வாயில வராது. பொய் சொல்லணும்னு இல்லடா. எனக்குத் தெரியும்னுதான் தோணும். அதனால கேக்காத."

டீச்சர் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தை எடுத்தேன். வெள்ளைப் பக்கம். தேதி போட்டேன். கிலோமீட்டர் போட்டேன். பெல்ட், டென்ஷனர் புதிது என்று எழுதினேன். போட்டது பாய், பார்த்து மூடியது நான் என்று எழுதினேன். என் எழுத்து கோணல் மாணலாக இருந்தது. பாய் வாங்கிப் பார்த்தார். "கோழி கிளறின மாதிரி கீது" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாளிலிருந்து எல்லா வண்டிக்கும் எழுதினோம். எப்படி எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். பெரிய வித்தை இல்லை. வண்டி நம்பரை முழுசாக எழுதுங்கள். வெள்ளை வண்டி, கடைக்கார வண்டி என்று எழுதாதீர்கள். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினோம் என்பதை எழுதுங்கள். செய்யாமல் விட்டதையும் எழுதுங்கள். பிரேக் கட்டை அடுத்த தடவைக்குத் தள்ளினால், தள்ளினோம் என்று எழுதுங்கள். வண்டிக்காரர் வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். யார் திறந்தது, யார் மூடியது என்று எழுதுங்கள். வண்டிப் புத்தகத்தில் ஒன்று, ஷெட்டில் ஒன்று. செல்போனில் ஏற்றி வைத்தாலும் சரிதான். வண்டி ஷெட்டை விட்டுப் போவதற்கு முன் எழுத வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன் என்று விட்டால், அது எழுதுவது இல்லை. ஞாபகத்தைக் கேட்பது.

வண்டியை விற்கும்போது நல்ல விலை வரும், இன்ஷூரன்ஸுக்கு உதவும் என்று உங்களுக்குச் சொல்வார்கள். வரும், உதவும். நான் அதற்காகச் சொல்லவில்லை. கூட வேலை செய்கிற ஆளுக்காக எழுதுங்கள். ஒருநாள் அவர் தடுமாறுவார். அன்றைக்கு நாலு பேர் முன்னால் அவர் கையில் இருந்து ஸ்பேனர் வாங்குகிற நிலைமை உங்களுக்கு வரக் கூடாது.

பாய் அதற்கப்புறமும் வந்தார். தன் வேலை ஒவ்வொன்றையும் மூடாமல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் பார்த்து மூடினேன். ஊர்க்காரர்கள் பழைய மாதிரி அவரிடமே கேட்பார்கள். "பாய், எப்ப போட்டோம்?" அவர் வாயைத் திறப்பார். பிறகு மூடிக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டுவார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. டீச்சர் மட்டும் அவரிடம் வண்டியைப் பற்றி எதுவும் கேட்க மாட்டார். "சாப்டீங்களா பாய்?" என்று மட்டும் கேட்பார்.

அடுத்த ஆடிக்கு முன்பே பாய் வருவதை நிறுத்திவிட்டார். ஷெட்டுக்கு வருகிற வழி குழம்பி, பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாராம். யாரோ தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். அதற்கப்புறம் மகள் அவரை வெளியே விடுவதில்லை. டீச்சர் வீட்டுக்காரர் அதற்குப் பின்னால் கொஞ்ச நாள் இருந்தார். அப்புறம் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இல்லை, வீட்டில் படுக்கையில். டீச்சர் வண்டியை விற்கவில்லை. இப்போதும் நம்மிடம்தான் வருகிறது. உங்களுக்குத் தெரியும்.

நான் வேலையை விட்ட பிறகு அடிக்கடி பாய் வீட்டுக்குப் போகிறேன். போன வாரமும் போனேன். என்னை உட்காரச் சொன்னார். என் பெயர் அவருக்கு வரவில்லை. ஆனால் ஷெட் ஆள் என்று தெரிகிறது. ரோட்டில் ஒரு லாரி போனது. காதைக் கொடுத்துக் கேட்டார். "பேரிங் போய்கினு கீது" என்றார். போயிருக்கும். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மதியம் ஆகிவிட்டது. மகள் உள்ளேயிருந்து வந்தாள். பக்கத்து வீட்டிலும் சாப்பாடு கொடுப்பார்கள் போலிருக்கிறது. சாப்பிட்டதை மறந்து மறுபடி சாப்பிடுகிறார், இல்லை என்றால் சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்கிறார் என்று சொல்லி வருத்தப்பட்டாள்.

"அத்தா, சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

பாய் வாயைத் திறந்தார். மூடினார். என் பக்கம் கையைக் காட்டினார்.

"அவனக் கேளு. எழுதி வெச்சிருப்பான்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் காலையிலிருந்து அவர் கூடத்தான் இருந்தேன்.

"இன்னும் சாப்பிடலம்மா" என்றேன்.

தட்டு வந்தது. பாய் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் பேச்சை நம்பி, குனிந்து சாப்பிட்டார்.